குணசீலம் போகிறோம் என்று சொன்ன பொய்

போன மாதம் ஒரு சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் செட்டில் நாலைந்து பேர், எல்லோரும் பென்ஷன்காரர்கள். வழக்கமாக முழங்கால் வலி, சர்க்கரை, பேரன் பேத்தி என்று பேச்சு ஓடும். அன்றைக்கு ஒரு நண்பர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் கிளம்பிய பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஓய், ஒரு விஷயம் கேக்கணும். சொந்தத்துல ஒரு பையன். முப்பது வயசு. ஆறு மாசமா ரூமை விட்டு வெளியே வரதில்லை. சாப்பாட்டுல விஷம் வெச்சிருக்கேள்ங்கறான். டாக்டர்கிட்ட போலாம்னா, எனக்கு ஒண்ணுமில்லை, நீங்கதான் போய்க் காட்டிக்கணும்கறான். கட்டாயப்படுத்திக் கூட்டிண்டு போகலாமா? சட்டம் இடம் கொடுக்குமா? அப்படிச் செஞ்சா அது பாவமா?"

மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கும் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவது கேள்வி எனக்கும் ஐம்பது வருஷமாக இருக்கிறது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

திருச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு மனநோய் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரி இல்லை, குணசீலம்தான். காவிரியின் வடகரையில், சேலம் சாலையில், இங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். பிரசன்ன வெங்கடாசலபதி கையில் செங்கோலோடு நிற்கிறார். தாயாருக்குத் தனிச் சன்னிதி கிடையாது. மனம் கலங்கியவர்களை அழைத்து வந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், அங்கே தங்க வைப்பது காலங்காலமாக இருக்கும் வழக்கம். காவிரியில் ஸ்நானம், கோயிலில் சேவை. உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள்.

சின்ன வயதில் பாட்டியோடு அங்கே போனபோது பார்த்த ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. இருபது வயதுப் பையன் ஒருவன் பிராகாரத்தில் நடந்துகொண்டே இருந்தான். அவன் இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை அவன் அம்மாவின் இடுப்பில். அவன் வேகமாக நடந்தால் அவளும் ஓடினாள், அவன் நின்றால் அவளும் நின்றாள். "ஏன் பாட்டி கட்டியிருக்கா?" என்று கேட்டேன். "ஆத்துல எறங்கிடுவான்னு பயம்டா" என்றாள் பாட்டி. கட்டாயப்படுத்தலாமா கூடாதா என்று இன்றைக்குப் பெரியவர்கள் விவாதம் செய்யும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அவன் அதை விரும்பியிருக்கமாட்டான். அவள் அதை அவிழ்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியாது.

நம் ஊரில் பித்து என்கிற சொல்லுக்குக் குறைவில்லாத மரியாதை உண்டு. ரங்கன் மேல் பித்துப் பிடித்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். ஆனால் அந்தப் பித்து கோயிலில் இருந்தால்தான் மரியாதை. வீட்டுக்குள் வந்தால் வாசல் கதவைச் சாத்திவிடுவோம். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவேண்டும், பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று கொல்லைப்புற அறையில் வைத்துப் பூட்டிய வீடுகள் நம் வீதிகளிலேயே இருந்தன. என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் எப்படி நுழைந்தது என்று பார்ப்போம்.

1794-ல் வாலண்டைன் கோனலி என்கிற கும்பினி டாக்டர் மதராஸில் ஒரு காப்பகம் ஆரம்பித்தார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1871-ல் கீழ்ப்பாக்கம் லோகாக் தோட்டத்தில் திறந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரி. நாம் சின்ன வயதில் ஒருவரை ஒருவர் கேலி செய்ய "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்போமே, அதே இடம். 1922-ல் அதன் பெயர் அரசு மனநோய் மருத்துவமனை ஆயிற்று. இன்றைக்கு அது மனநலக் கழகம்.

நடுவில் 1858-ல், கும்பினி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்த அதே வருஷம், சித்தப் பிரமை பிடித்தவர்களைப் பற்றிச் சட்டங்கள் வந்தன. பிறகு அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து 1912-ல் இந்திய லூனசி சட்டம். லூனா என்றால் லத்தீனில் சந்திரன். அமாவாசை பௌர்ணமிக்குப் பைத்தியம் முற்றும் என்று நம் பாட்டிகள் சொன்னதைத்தான் வெள்ளைக்காரன் சட்டத்துக்குப் பெயராக வைத்தான்.

அந்தச் சட்டத்தின் நோக்கம் வைத்தியம் என்பதைவிட ஊருக்குப் பாதுகாப்பு என்பதுதான். தெருவில் அலைகிறவரைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். வீட்டில் இருப்பவர் என்றால் உறவினர் மனுப் போடவேண்டும். இரண்டு டாக்டர்களின் சான்று வேண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டால் உள்ளே. உள்ளே போவதற்கு வழி தெளிவாக இருந்தது. வெளியே வருவதற்கான வழிதான் குறுகல். கூட்டிப்போக வந்த உறவினர் மறுபடி கூட்டி வரப் போகாமலே இருந்துவிட்டால், அவர் ஆயுசு அங்கேயேதான். இப்படி இருபது முப்பது வருஷம் இருந்தவர்கள் தேசம் முழுக்க உண்டு. இதைவிட மோசம், குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைத்திருந்த வழக்கம். அது சட்டவிரோதம் என்று ஷீலா பர்சே வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது 1993-ல்தான்.

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது. இதுவரை எழுதியதில்லை. சம்பந்தப்பட்ட யாரும் இப்போது இல்லை.

என் சித்தப்பா கணக்கு வாத்தியார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பையன்களுக்கு அவரிடம் பயமும் உண்டு, பிரியமும் உண்டு. 1973 வாக்கில் ராத்திரி தூக்கம் போயிற்று. ரேடியோவில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றார். பிறகு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினார். குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கினார். பாட்டியும் கூட இருந்தாள். திரும்பி வந்ததும் மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு மறுபடியும் பழைய கதை. ஒரு நாள் கொள்ளிடத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தவரை இரண்டு பால்காரர்கள் பிடித்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள்.

அப்பா மனுவில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவர் கை நடுங்கியது. டாக்டர் சான்று எல்லாம் வாங்கி, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஏற்பாடாயிற்று. சித்தப்பாவை எப்படிக் காரில் ஏற்றுவது? அப்பாவின் நண்பர் ஒருவர்தான் வழி சொன்னார். "குணசீலம் போறோம்னு சொல்லுங்கோ. அங்கேன்னா வருவார்."

வந்தார். வேஷ்டி மாற்றிக்கொண்டு, திருமண் இட்டுக்கொண்டு, காரில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் நான், எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. முன் சீட்டில் அப்பா. கொள்ளிடம் பாலம் தாண்டினோம். நம்பர் ஒன் டோல்கேட் வந்தது. குணசீலத்துக்கு அங்கே இடது பக்கம் சேலம் ரோட்டில் திரும்பவேண்டும். கார் திரும்பவில்லை, சமயபுரம் பக்கம் போயிற்று.

சித்தப்பா சத்தம் போடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயுமாடா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசல் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலு மாதம் அங்கே இருந்தார். மருந்து வேலை செய்தது. ரேடியோ அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியது. திரும்பி வந்து டியூஷன் எடுத்தார். மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட்டார். ஆனால் அந்த நாளிலிருந்து அவர் குணசீலம் போகவேயில்லை. பெருமாள் மேல் கோபமா என்று பாட்டி கேட்டபோது, "பெருமாள் என்ன பண்ணுவார், அவர் பேரைச் சொல்லித்தானே ஏமாத்தினா" என்றார். என்னிடம் அவர் பழையபடி பேச ஆறேழு வருஷம் ஆயிற்று.

நாங்கள் செய்தது சரியா? செய்யாமல் விட்டிருந்தால் அவரைக் கொள்ளிடத்தில் தேடியிருப்போம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்த டோல்கேட் சரியில்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே காரில் நடந்தவை.

இப்போது மருந்தின் கதை. 1952-ல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் என்கிற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிகளில் இருந்தவை பூட்டு, குளிர்ந்த நீர், இன்சுலின் மயக்கம், மின் அதிர்ச்சி இவைதான். மாத்திரை வந்ததும் பலருக்கு வீட்டிலேயே இருந்து வைத்தியம் பார்க்க வழி பிறந்தது. நம் நாட்டில் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் நோயாளிகளோடு குடும்பத்தாரையும் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி. 1957-ல் தொடங்கிய மனநலப் பிரிவிலும் குடும்பத்தார் கூடவே தங்கும் ஏற்பாடு வந்தது. கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் பதினேழு வருஷம் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் சாரதா மேனன், நம் நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர். பின்னால் 1984-ல் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தை ஆரம்பித்தவரும் அவர்தான். வீட்டார் நோயாளியைக் கைவிடாமல் இருந்தால்தான் மருந்தும் வேலை செய்யும் என்பது இவர்கள் எல்லோரும் கண்ட அனுபவம். யோசித்துப் பார்த்தால், குணசீலத்தில் பாட்டி 48 நாள் கூட இருந்ததிலும் இதே சங்கதி இருக்கிறது.

கோயிலில் தங்கினால் குணமாகுமா என்று நம்மைப் போன்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அதை அளந்தே பார்த்தார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை வந்தபோதும் போகும்போதும் பரிசோதித்தார்கள். அங்கே கட்டணம் கிடையாது, கட்டிவைப்பது கிடையாது, மருந்தும் கிடையாது. கோயில் வேலையில் கூடமாட உதவிக்கொண்டு சில வாரம் தங்குவார்கள். நோயின் அறிகுறி கிட்டத்தட்ட இருபது சதவீதம் குறைந்திருந்தது. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியாயிற்று. கோயில் மருந்துக்குப் பதில் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அன்பான இடம், வேளைக்குச் சாப்பாடு, கூட ஒரு சொந்தம், இவையும் வைத்தியத்தில் சேர்த்தி என்பதுதான் அர்த்தம்.

ஆனால் அதே காலத்தில் ஏர்வாடியும் நடந்தது.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு வரும் மனநோயாளிகளை வைத்துத் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியில். ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். அந்தக் காலைச் செய்தியை நம்மில் பலர் கேட்டிருப்போம். நான் அன்று காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டேன். பாரிஸில் பீனலும் புசானும் மனநோயாளிகளின் சங்கிலியைக் கழற்றியது 1790-களில். நாம் இருநூறு வருஷம் கழித்தும் கட்டி வைத்திருந்தோம்.

அந்த 28 பேரையும் அங்கே கொண்டுபோய் விட்டது யார்? பெரும்பாலும் பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள். கெட்டவர்கள் இல்லை. அலுத்துப் போனவர்கள், காசில்லாதவர்கள், பக்கத்தில் டாக்டர் இல்லாதவர்கள். தர்காவில் கனவில் உத்தரவு வரும், அதுவரை இருக்கட்டும் என்று நம்பினவர்கள். அந்தக் கொட்டகையில் கட்டாயம் இருந்தது, சிகிச்சை இல்லை. கட்டாயச் சிகிச்சையைப் பற்றிப் பேசும் யாரும் இதை மறக்கக்கூடாது.

ஒரு வாரத்தில் அரசு அந்த மாதிரி காப்பகங்களை மூடி, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கு எடுத்தது. மாநிலத்துக்கு ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது இருக்கவேண்டும், சங்கிலி போடுவது குற்றம் என்று மக்களுக்குச் சொல்லவேண்டும் என்றெல்லாம் 2002-ல் உத்தரவிட்டது. காப்பகத்தை நடத்தியவர்களுக்கு 2007-ல் ஏழு வருஷத் தண்டனை. குணசீலத்திலும் கோயில் சார்பில் அரசு உரிமத்தோடு மனநல மறுவாழ்வு மையம் வந்தது. தீர்த்தமும் உண்டு, டாக்டரும் உண்டு. ஏர்வாடி தர்காவிலும் துவாவோடு மருந்தும் சேர்த்துத் தரும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது.

இதில் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு, பலருக்குத் தெரியாது. மாவட்டம் தோறும் அரசு ஆஸ்பத்திரி மூலமாகவே மனநல வைத்தியம் தரும் மத்திய அரசுத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலில் வந்தது திருச்சி மாவட்டத்தில்தான், 1997-ல். ராமநாதபுரத்துக்கு அது ஏர்வாடிக்குப் பிறகுதான் போனது. கொஞ்சம் முன்னால் போயிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சட்டத்துக்கு வருவோம். 1912 சட்டம் சுதந்திரம் வந்தும் நாற்பத்தைந்து வருஷம் ஓடியது. 1987-ல் மனநலச் சட்டம் இயற்றி, அது நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரலில். இப்போது இருப்பது 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018-ல் அமலுக்கு வந்தது. நண்பரின் முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் இதில்தான்.

கட்டாயம் என்ற சொல்லை இந்தச் சட்டம் பயன்படுத்துவதில்லை. ஆதரவோடு சேர்ப்பது என்கிறது. நோயாளி ஒப்புக்கொள்ளாவிட்டாலும், அவர் சார்பில் நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்தால் சேர்க்கலாம். அதற்கு நிபந்தனைகள் உண்டு. இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்க்கவேண்டும், ஒருவராவது மனநல மருத்துவராக இருக்கவேண்டும். அண்மையில் தன்னைத் தானே வருத்திக்கொண்டாரா அல்லது அப்படி மிரட்டினாரா, பிறரைத் தாக்கினாரா அல்லது பயப்படும்படி நடந்தாரா, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தான நிலையில் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். வெறுமே வினோதமாக நடந்துகொள்கிறார், வீட்டுக்குத் தொந்தரவு என்பது காரணம் ஆகாது. வேறு எளிய வழி இருந்தால் அதைத்தான் செய்யவேண்டும்.

சேர்த்தால் முதலில் 30 நாள் வரைதான். பெண்ணாக இருந்தால் மூன்று நாளுக்குள்ளும், ஆணாக இருந்தால் ஏழு நாளுக்குள்ளும் மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்கவேண்டும். நோயாளியே அந்த வாரியத்தில் முறையிடலாம். அதற்கு மேலும் இருக்கவேண்டுமானால் வாரியத்தின் அனுமதி வேண்டும். சங்கிலி எந்த ரூபத்திலும் கூடாது. மயக்க மருந்து கொடுக்காமல் மின் அதிர்ச்சி கூடாது. தெருவில் அலைகிறவரைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ இடத்துக்குக் கொண்டுபோகவேண்டும்.

நான் படித்ததில் என்னை நிறுத்திய இடம் வேறு. ஒருவர் நன்றாக இருக்கும்போதே, எனக்கு முடியாமல் போனால் எப்படிப் பார்த்துக்கொள்ளவேண்டும், எப்படிக் கூடாது, எனக்காக முடிவெடுக்கும் பிரதிநிதி யார் என்று எழுதிவைக்கலாம். முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று பெயர். அவசரச் சிகிச்சை தவிர மற்ற நேரங்களில் டாக்டர்கள் அதை மதிக்கவேண்டும், மாற்றவேண்டுமானால் வாரியத்திடம் போகவேண்டும்.

கட்டாயமே கூடாது என்பவர்கள் சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் கென்னத் டொனால்ட்சன் என்பவரை அவருடைய தகப்பனார் கொடுத்த மனுவின் பேரில் 1957-ல் ஃபுளோரிடா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினைந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளேயே இருந்தார். அவர் யாருக்கும் ஆபத்தானவர் இல்லை. 1975-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட், ஆபத்தில்லாத, வெளியே தானாகவோ பிறர் உதவியோடோ வாழக்கூடிய ஒருவரை வெறுமே அடைத்து வைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. இத்தாலியில் 1978-ல் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளையே மூடச் சட்டம் போட்டார்கள். அங்கே கட்டாயச் சிகிச்சை என்றால் இரண்டு டாக்டர் சொல்லி, ஊர் மேயர் உத்தரவிட்டு, ஒரு தடவைக்கு ஏழு நாள். உறவினர் சொத்துக்காகவோ, பிடிக்காத கல்யாணத்துக்காகவோ ஒருவரைப் பைத்தியம் என்று முத்திரை குத்துவதும் நாம் கேள்விப்படாததில்லை. சட்டம் இத்தனை கதவு போட்டிருப்பது அதனால்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநல ஆய்வு, நோய்க்குத் தகுந்தபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருக்கிறார்கள் என்றது. நம் நாட்டில் பெரிய தொல்லை கட்டாயமாக வைத்தியம் நடப்பதைவிட, வைத்தியமே நடக்காததுதான். சில வியாதிகளில், எனக்கு வியாதி இல்லை என்று நினைப்பதே வியாதியின் ஒரு பாகம். கால் உடைந்தவன் வலிக்கிறது என்று தானே சொல்வான். இவனுக்கு அது தெரியாது. அவன் விருப்பம் என்று விட்டுவிட்டால் நாம் மதிப்பது அவனையா, அவன் வியாதியையா? கயிறு கட்டிக்கொண்டு பிராகாரம் சுற்றிய அந்த அம்மாவிடம் போய் உரிமை என்று பேச எனக்கு நாக்கு வராது.

ஆகவே என் முடிவு இது. உயிருக்கு ஆபத்து வரும் நிலையில் கட்டாயம் தேவைப்படும். அது கொஞ்ச நாளுக்கு இருக்கவேண்டும், இன்னொருவர் அதைக் கண்காணிக்கவேண்டும், உள்ளே உண்மையான வைத்தியம் இருக்கவேண்டும், வெளியே கூட்டிவர ஒருவர் காத்திருக்கவேண்டும். இந்த நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் அது பழைய 1912 ஆகிவிடும். ஐந்தாவதாக ஒன்று சேர்ப்பேன். அது எந்தச் சட்டத்திலும் படித்ததில்லை, சித்தப்பாவிடம் படித்தது.

1985 வாக்கில், நாங்கள் மறுபடி சகஜமாகப் பேச ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார். "உங்கப்பா கையெழுத்துப் போட்டது தப்பில்லைடா. எனக்கு அப்போ புத்தி சரியில்லை. ஆனா பொய் சொல்லி ஏத்தினேளே, அதுதான். ஏற்கெனவே எல்லாரும் எனக்கு எதிரா ஏதோ பண்றான்னு நெனைச்சிண்டிருந்தேன். அன்னிக்கு நெஜமாவே பண்ணிட்டேள்." கொஞ்ச நேரம் கழித்து, "மறுபடி எனக்கு அப்படி ஆனா, நீ கூட்டிண்டு போ. எங்கே போறோம்னு சொல்லிட்டுக் கூட்டிண்டு போ. நான் கத்துவேன், திட்டுவேன். அதைக் காதுல போட்டுக்காதே" என்றார்.

மறுவருஷமே அந்த நாள் வந்தது. அப்பா காலமாகியிருந்த சமயம், மாத்திரையை நிறுத்தியிருந்தார். நான் அவர் எதிரில் உட்கார்ந்து, "சித்தப்பா, ஆஸ்பத்திரிக்குப் போறோம். குணசீலம் இல்லை" என்றேன். கத்தினார். செம்பைத் தூக்கி எறிந்தார். அரை நாள் ஆயிற்று. சாயங்காலம் தானே வந்து காரில் ஏறினார். டோல்கேட்டில் கார் சமயபுரம் பக்கம் திரும்பியபோது, "சரியான ரோடுதான்" என்றார். மூன்றே வாரத்தில் திரும்பி வந்தார். முப்பது வருஷம் கழித்து எழுதப்போகும் சட்டத்தில் முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று என்ன பெயர் வைப்பார்களோ, அதை அவர் வாய்மொழியாகவே எனக்குக் கொடுத்திருந்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. 1998-ல் அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கடைசிவரை டியூஷன் பையன்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். முதலில் நீங்களும் பையனின் பெற்றோரும் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் போய்ப் பேசுங்கள், பையன் வராவிட்டாலும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். சாப்பிடாமல் உடம்பு இளைத்துப்போகிறது என்றால் அதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், சட்டம் பார்ப்பது அதைத்தான். கூட்டிக்கொண்டு போகவேண்டி வந்தால் போங்கள், பாவம் இல்லை. எங்கே போகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

போன புதன்கிழமை நானும் மனைவியும் குணசீலம் போய்வந்தோம். டோல்கேட்டில் பஸ் இடது பக்கம் திரும்பியது.